வைக்கிங் கடற்பயணமும் ஆர்கெஸ்ட்ராவும்: கிரீகின் ‘லான்ட்ஷென்னிங்’

#1 வடகடல்

வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் கடற்பயணத்தைப் பாடும் ஆர்கெஸ்ட்ரா படைப்புகளில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலாகத் தோன்றுவது நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீகின் ‘லான்ட்ஷென்னிங்’, ஓபஸ் (படைப்பு எண்) 31, 1872. பாரிடோன் (ஆணின் நடுத்தரக் குரல்) தனிக்குரல், ஆண்குரல் குழு, ஆர்கெஸ்ட்ரா, ஆர்கன் ஆகியவற்றுக்காக எழுதப்பட்டது. ஏழு நிமிட அளவில் முடிந்துவிடும். கிரீக் என்றாலே ‘பேர் கிந்த்’ நாடக இசையும் பியானோ கான்சர்ட்டோவும் மட்டும் பேசப்படுகின்றன, இது பேசப்படுவதே இல்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கடலில் வருகிறவனுக்கு முதன்முதலாக நிலம் கண்ணில் படும் தருணம்தான் தலைப்பு. பாடலை எழுதியவர் நார்வேக் கவிஞர் பியோர்ன்ஸ்டியெர்னெ பியோர்ன்சன். நாயகன் ஓலாவ் திரிக்வசோன். அயல்நாட்டில் வளர்ந்தவன், 994-இல் லண்டனைத் தாக்கிய கப்பற்படையின் தலைவர்களில் ஒருவன், மறு ஆண்டு நார்வேயின் அரசுரிமையைத் தேடி வடகடலைக் கடந்து வந்தவன்.

பாட்டில் நடப்பது இவ்வளவுதான். கப்பல் வந்துகொண்டிருக்கிறது. அந்த நாட்டில் அவனை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. கடலின் விளிம்பில் ஏதோ மதில்கள் எழுந்து நிற்கின்றன. இவை என்ன மதில்கள் என்று கேட்கிறான். நாடு தன்னைக் கண்டு கதவைச் சாத்திக்கொண்டதாக அவனுக்குத் தோன்றுகிறது. அப்போது கப்பலில் இருக்கும் புலவன் ஒருவன் மேகங்களுக்கு நடுவே வெள்ளைக் குவிமாடங்களையும் கூர்முனைகளையும் கண்டு சொல்கிறான். பனி மூடிய மலைகள்! மதிலாகத் தெரிந்தது அங்கிருந்து கோவிலாகத் தெரியத் தொடங்குகிறது. ஒவ்வொரு பத்தியும் ஓலாவின் பெயரைச் சொல்லியே எடுப்பதால், கப்பல் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்திருப்பதைக் காதால் உணர முடிகிறது.

புயல் இல்லை. போர் இல்லை. குழுவின் மெட்டு அகலமானது, அவசரமே இல்லாதது. கடலை வரையும் இசை எத்தனையோ இருக்கின்றன. கடலில் நின்று கரையைப் பார்க்கும் இசை அரிது. நெடுந்தூரம் வந்தவனுடைய கண் எங்கே இருக்கும் என்று கிரீகுக்குத் தெரிந்திருக்கிறது என்பதே என் கட்சி. நீங்கள் வேறு எதையாவது இதற்கு மேல் வைப்பீர்களா?

#2 செல்லோநேசி

வைப்பேன். அதே கிரீக், அதே பியோர்ன்சன், அதே 1872: ‘சிகுர்ட் யோர்சால்ஃபார்’ (ஜெருசலேம் போன சிகுர்ட்). நாடகத்துக்காக எழுதிய இசை. அதிலிருந்து மூன்று பகுதிகளை எடுத்து 1892-இல் ஓபஸ் 56 என்று ஆர்கெஸ்ட்ரா தொகுப்பாக்கினார். மூன்றாவது பகுதியான ‘வணக்க அணிவகுப்பு’தான் உலகெங்கும் வாசிக்கப்படுகிறது.

கேட்டிருப்பீர்கள்: முதலில் டிரம்பெட்டுகளின் அழைப்பு. அது அடங்கியதும் முழு ஆர்கெஸ்ட்ராவும் பொங்கி எழும் என்று காத்திருக்கும் நேரத்தில் நான்கு செல்லோக்கள் மட்டும் தனியாக மெட்டை எடுக்கின்றன. நான்கு தனிச் செல்லோக்கள்! மேல் செல்லோ பாடுகிறது, மற்ற மூன்றும் அதற்கடியில் குரல் குரலாக நகர்கின்றன. அரசர்களைப் போற்றும் அணிவகுப்பு இத்தனை மென்மையாகத் தொடங்க வேண்டும் என்று முடிவெடுத்த துணிச்சலுக்காகவே கிரீகை வணங்கலாம். செல்லோ வாசிக்கிறவள் என்பதால் சார்பு இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

கதையும் கடற்கதைதான். அரசன் சிகுர்ட் 1107-இல் 60 கப்பல்களுடன் நார்வேயை விட்டுக் கிளம்பினான். இங்கிலாந்து, கலீசியா, லிஸ்பன், சிசிலி வழியாக ஜெருசலேம் போய்ச் சேர்ந்தான். ‘லான்ட்ஷென்னிங்’கில் ஒரு கப்பல் ஒரு கரையை நெருங்குவதோடு சரி, இதில் பாதி உலகமே இருக்கிறது.

#3 வடகடல்

கதையில் பாதி உலகம் இருக்கிறது, உண்மை. அந்த மூன்று பகுதிகளில் கடல் எங்கே இருக்கிறது? முதல் பகுதி அரசவை, இரண்டாவது ஒரு பெண்ணின் கனவு, மூன்றாவது ஊர்வலம். அரசவைப் பகுதியின் மெட்டு கிரீக் 1867-இல் வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதிய கவோட் என்னும் நடன இசை ஒன்றிலிருந்து வந்தது. அருமையான இசைதான், ஆனால் எல்லாம் கரையிலேயே நடக்கின்றன. முழு நாடக இசையில் இருக்கும் ‘வடநாட்டு மக்கள்’ குழுப்பாடலில்தான் புறப்பட்டுப் போகும் வேட்கை தெரிகிறது. தொகுப்பில் அது இல்லை.

#4 பாய்க்கயிறு

இசையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு. பாய் கட்டி ஓடும் படகுகளில் பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

வடகடல் சொல்வதில் கடலோடிகளுக்குத் தெரிந்த ஓர் உண்மை இருக்கிறது. திசைகாட்டி இல்லாத காலத்தில் நார்வேயிலிருந்து கிரீன்லாந்து போவதற்கான வழிக்குறிப்பு ஒன்று ‘ஹௌக்ஸ்போக்’ என்னும் 14-ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்துச் சுவடியில் இருக்கிறது. பெர்கனுக்கு அருகே உள்ள ஹெர்னாரிலிருந்து நேர் மேற்கே செல்ல வேண்டும். ஷெட்லாந்துக்கு வடக்கே, வானம் தெளிவாக இருந்தால் மட்டும் தீவு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் போக வேண்டும். பேரோ தீவுகளுக்குத் தெற்கே, மலைச்சரிவின் பாதி உயரம்வரை கடல் மறைத்துத் தெரியும் தூரத்தில் போக வேண்டும். ஐஸ்லாந்துக்குத் தெற்கே, கரை தெரியாது. ஆனால் அங்கிருந்து வரும் பறவைகளும் திமிங்கிலங்களும் தென்படும் தூரத்தில் போக வேண்டும்.

முழுப் பயணமும் பார்வையால் அளக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். மலையில் எவ்வளவு தெரிகிறது, எவ்வளவு கடலுக்குள் அமிழ்ந்திருக்கிறது என்பதுதான் அவர்களுடைய அளவுகோல். கடலின் விளிம்பில் மதில் போல ஏதோ நிற்கிறது என்று அரசன் கேட்பது பியோர்ன்சனின் கற்பனையாகவே இருக்கலாம், ஆனால் கப்பலின் அணியத்தில் நிற்கும் எவனும் முதலில் கேட்கிற கேள்வி அதுதான்.

இன்னொன்று. இந்தப் பாடல்களின் அணிவகுப்புத் தாளத்தைத் துடுப்பு வலிக்கும் தாளம் என்று சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். வடகடலைத் துடுப்பு வலித்துக் கடக்க மாட்டார்கள். பாய் விரித்துத்தான் கடப்பார்கள். துடுப்பு ஆற்றிலும், மலைகளுக்கு நடுவே புகுந்த கடற்கழியான ஃபியோர்டிலும் துறைமுகத்திலும் போரிலும் தேவைப்படும். 1880-இல் தோண்டி எடுக்கப்பட்ட கொக்ஸ்டாட் என்ற வைக்கிங் கப்பலின் நீளம் ஏறக்குறைய 23 மீட்டர், துடுப்புகள் 32. துடுப்புத் துளை ஒவ்வொன்றுக்கும் உட்புறத்தில் ஒரு சிறிய மூடி உண்டு. பாயில் ஓடும்போது தண்ணீர் உள்ளே வராமல் இருக்க அதைத் திருப்பி மூடிவிடுவார்கள். அந்த மூடிகளைப் பார்த்தாலே திறந்த கடலில் அந்தக் கப்பலை எப்படி ஓட்டினார்கள் என்று தெரிந்துவிடும்.

#5 ஃபியோர்டுவாசி

நான் இருப்பது நார்வேயில். இங்கே ஒரு குழுவில் கீழ்ஸ்தாயிக் குரல்களோடு நின்று ‘லான்ட்ஷென்னிங்’ பாடியிருக்கிறேன்.

பாய்க்கயிறு ஐயா சொன்ன தாளம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். கப்பலிலிருந்து வரவில்லை, ஆண்குரல் குழு மரபிலிருந்து வருகிறது. 1845-இல் தொடங்கிய மாணவர் பாடற்குழுவைத் தொடர்ந்து 19-ஆம் நூற்றாண்டு நார்வேயில் ஊருக்கு ஊர் ஆண்கள் சேர்ந்து பாடினார்கள். 1814 முதல் 1905 வரை நாடு ஸ்வீடன் அரசரின் கீழ் இருந்தது. தனித்து நிற்க முடியாத நாட்டின் உணர்வைப் பாட்டு சொன்னது. பழைய அரசர்களின் பெயரைச் சேர்ந்து பாடுவது அந்தக் காலத்தில் அரசியல். கிரீக் அந்தக் குரல்களின் பலம் தெரிந்து எழுதியிருக்கிறார்.

உள்ளிருந்து பாடும்போது என்ன தெரிகிறது என்றால், ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருவதால் மூச்சைச் சேமித்து வைக்க வேண்டியிருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே முழங்கிவிட்டால் கடைசிப் பத்திக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. எங்கள் நடத்துநர் முதல் பத்தியில் எங்களை அடக்கிக்கொண்டே இருந்தார். ‘மலை இன்னும் தொலைவில் இருக்கிறது’ என்பார். கீழ்க்குரல்கள் அதிகம் நகராமல் ஒரே இடத்தில் ஊன்றி நிற்கும்போது மேல்குரல்கள் மேலே போகப் போக, அந்த இடைவெளி அகலுவதை நம் உடம்பே உணர்கிறது. பாரிடோன் தனிக்குரல் வரும் இடத்தில் நாங்கள் அமைதியாக நிற்பதும் அந்தப் பாட்டின் ஒரு பகுதியாகவே எனக்குத் தோன்றும்.

#6 எதிர்க்கரை

எல்லாரும் ஓலாவைக் கப்பலின் முகப்பிலேயே நிறுத்திவிட்டுப் பேசுகிறீர்கள். கரை இறங்கிய பிறகு என்ன செய்தான் என்பதையும் பேச வேண்டாமா?

ஸ்னோரி ஸ்டூர்லுசன் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘ஹெய்ம்ஸ்க்ரிங்லா’ என்ற நார்வே அரசர் வரலாற்றில் இருப்பதைத்தான் சொல்கிறேன். ஓலாவ் கிறிஸ்தவத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு கரை கரையாகப் போனான். ஏற்காதவர்களை ஊனமாக்கினான், கொன்றான். வடக்கே சால்டன் ஃபியோர்டில் ரௌட் என்ற செல்வன் பழைய தெய்வங்களை விடமாட்டேன் என்றான். அவனைக் கட்டி வைத்து, வாயைத் திறந்து, ஒரு குழல் வழியாகப் பாம்பைத் தொண்டைக்குள் விரட்டினார்கள். அவன் செத்த பிறகு அவனுடைய நாகத்தலைக் கப்பலை ஓலாவ் எடுத்துக்கொண்டான். அதைப் பார்த்துத்தான் பின்னாளில் ‘நெடுநாகம்’ என்ற புகழ்பெற்ற போர்க்கப்பலைக் கட்டுவித்தான்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, பனிமலையைப் பார்த்துக் கோவில் என்று உருகுகிற ஓலாவை எனக்கு ஏற்க மனம் ஒப்பவில்லை. மலை கோவிலாகத் தெரிகிறது என்ற இடத்தில் இசை விம்முகிறது. அந்த விம்மலுக்குள் ரௌடின் குரல் இல்லை. 1872-இல் திரொன்ஹெய்மின் நிடாரோஸ் பேராலயத்தைப் புதுப்பிக்கப் பணம் திரட்டும் நிகழ்ச்சிக்காக எழுதப்பட்ட பாட்டு என்பதையும் யாரும் இதுவரை சொல்லவில்லை.

#7 வடகடல்

எதிர்க்கரை, நீங்கள் சொன்ன வரலாற்றில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். நிடாரோஸ் செய்தியும் சரியானது. 1869-இல் தொடங்கிய அந்தப் புதுப்பிப்புக்காகத்தான் பாட்டு பிறந்தது. திரொன்ஹெய்மை நிறுவியவன் என்று 997-ஐ ஒட்டி ஓலாவின் பெயர் சொல்லப்படுவதால் அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். கல்லால் கட்டிய கோவிலைப் புதுப்பிக்கக் கேட்கும் பணத்துக்கு மலைக்கோவில் ஒரு முன்னுரை. இதில் நோக்கம் இல்லை என்று யார் சொன்னது?

ஆனால் அந்தப் பாட்டை எழுதியவர்கள் அதே இடத்தில் நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பியோர்ன்சன் 1870-களின் பிற்பகுதியில் திருச்சபை நம்பிக்கையிலிருந்து வெளிப்படையாக விலகினார். கிரீக் இந்தப் படைப்பை முழு ஆர்கெஸ்ட்ராவுக்காகத் திருத்தி எழுதியது 1881-இல். அதாவது சொற்களை எழுதியவரின் நம்பிக்கை போன பிறகு. கிரீகும் 1888-இல் இங்கிலாந்து போயிருந்தபோது யூனிடேரியன் (மும்மைக் கடவுள் கோட்பாட்டை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவு) கருத்துகளால் ஈர்க்கப்பட்டார். திருச்சபையின் வெற்றியைப் பாடுவதற்காக மட்டும் அவர் அந்த ஆர்கெஸ்ட்ரா வடிவத்துக்கு அவ்வளவு உழைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. என் காதுக்கு அதில் எஞ்சி நிற்பது, எதிர்பார்க்கப்படாமல் வீடு திரும்புகிறவனின் தயக்கமும், கதவு திறக்கிறது என்று தெரியும்போது வரும் பெருமூச்சும்.

ரௌடின் குரல் இல்லை என்பது உண்மையான குறை. அதை இந்த ஏழு நிமிடத்தில் சரிசெய்ய முடியாது. கிரீகும் பியோர்ன்சனும் ‘ஓலாவ் திரிக்வசோன்’ என்று ஒரு முழு ஓபராவே தொடங்கினார்கள். 1873-இல் வந்து சேர்ந்தது மூன்று காட்சிகள் மட்டும். அவற்றில் பழைய தெய்வங்களை வழிபடுகிறவர்கள்தாம் முழுக்க முழுக்கப் பாடுகிறார்கள். ஓலாவ் மேடைக்கு வருவதற்கு முன்பே காட்சிகள் நின்றுவிட்டன. மீதி வரவில்லை, இருவருக்கும் மனக்கசப்பு ஆயிற்று, கிரீக் இப்சனின் ‘பேர் கிந்த்’ பக்கம் போய்விட்டார். அந்த மூன்று காட்சிகளும் 1889-இல்தான் மேடையேறின. நீங்கள் கேட்கும் மறுதரப்பு அங்கே கொஞ்சம் கிடைக்கும்.

#8 எதிர்க்கரை

அந்தக் காட்சிகளை நான் கேட்டதில்லை. கேட்டுவிட்டு வருகிறேன். ‘லான்ட்ஷென்னிங்’ பற்றிய என் கருத்து இப்போதைக்கு அப்படியே இருக்கிறது.

#9 மாலைநேரம்

இழைக்குப் புதியவன். ஓலாவ் கதையை ஆங்கில இசையமைப்பாளர் எல்கரும் எழுதியிருக்கிறாரே? ‘கிங் ஓலாஃப்’ என்று பெயர், 1896 அக்டோபரில் இங்கிலாந்தின் ஹான்லியில் முதன்முதலாகப் பாடப்பட்டது. மூன்று தனிக்குரல்கள், பெரிய பாடற்குழு, முழு ஆர்கெஸ்ட்ரா, ஒன்றரை மணி நேரத்துக்கு நெருங்கிய நீளம். பெரும்பகுதிச் சொற்கள் அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோவின் நெடும்பாடலிலிருந்து வந்தவை.

மீதியை எழுதி ஒழுங்குபடுத்திக் கொடுத்தவர் ஹாரி ஆக்வர்த். இவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பம்பாயில் மாநகராட்சி ஆணையராக இருந்தவர். அங்கே இவர் முயற்சியால் 1890-இல் உருவான தொழுநோய் மருத்துவமனை இன்றும் இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மராட்டிய வீரப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1894-இல் நூலாக்கியவரும் இவரே. ஓய்வுபெற்று எல்கர் வாழ்ந்த மால்வர்ன் பக்கம் குடியேறியபோதுதான் இந்த வேலை வந்தது. ‘போவாடா’ என்னும் அந்த மராட்டிய வீரப் பாடல்களில் ஊறிய கை நார்வே அரசனின் கதையைத் தொகுத்திருக்கிறது! போவாடாவில் கதை சொல்பவன் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி தாவிப் போவான். ‘கிங் ஓலாஃப்’பும் அப்படித் தாவித் தாவித்தான் போகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று நிறுவ என்னிடம் எதுவும் இல்லை, ஆனால் கேட்கும்போது எனக்கு அந்த எண்ணம் வராமல் இருப்பதில்லை.

கடல் என்று பார்த்தால் ‘ஓலாஃப் திரும்பி வருதல்’ என்ற டெனர் (ஆணின் உயர்குரல்) பகுதியைக் கேளுங்கள். கிரீக் எடுத்த அதே தருணம். எல்கரின் அரசன் கப்பல் விளிம்பில் சாய்ந்து வாளில் கை வைத்து நிற்கிறான். கப்பல்கள் திரொன்ஹெய்ம் ஃபியோர்டை நோக்கி வடக்கே ஓடிக்கொண்டிருக்கின்றன. கிரீகின் ஓலாவ் கரையைக் கண்டு வியக்கிறான், எல்கரின் ஓலாஃப் கரையில் பழிவாங்க வேண்டிய கணக்கு இருக்கிறது என்று தெரிந்தே வருகிறான்.

#10 எதிர்க்கரை

மாலைநேரம் சொன்ன இந்த வேறுபாடு முக்கியம். லாங்ஃபெல்லோவின் பாடலில் ரௌட் வருகிறான். ஒரு தனிப்பகுதியே அவனுக்கு உண்டு. ஆக்வர்த் தேர்ந்தெடுத்த பகுதிகளில் அது விடுபட்டுவிட்டது. ஆனாலும் வாளில் கை வைத்து வரும் அரசன் எனக்கு அதிக நேர்மையானவனாகப் படுகிறான்.

#11 புதுச்செவி

இவற்றைக் கேட்கத் தொடங்க எந்தப் பதிவு நல்லது? கொம்பு வைத்த தலைக்கவசப் படம் போட்ட தொகுப்புகள் நிறைய வருகின்றன, எதை நம்புவது என்று தெரியவில்லை.

#12 செல்லோநேசி

புதுச்செவி, முதலில் தலைக்கவசம். வைக்கிங்குகள் கொம்பு வைத்த கவசம் அணியவில்லை. 1876-இல் ஜெர்மனியின் பைராய்ட்டில் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் நான்கு ஓபராக்கள் மேடையேறியபோது கார்ல் எமில் டோப்லர் வடிவமைத்த உடைகளிலிருந்துதான் அந்தத் தோற்றம் ஊரெங்கும் பரவியது.

‘லான்ட்ஷென்னிங்’குக்கு நேமே யார்வி கோத்தன்பர்க் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு செய்த பதிவும், ஒலே கிறிஸ்டியான் ரூட் பெர்கன் பில்ஹார்மோனிக்கோடு செய்த பதிவும் உள்ளன. ‘சிகுர்ட்’ முழு இசையும் இருவரிடமும் கிடைக்கும். எல்கருக்கு ஆண்ட்ரூ டேவிஸ் பதிவைத் தேடுங்கள். அதை வாசித்திருப்பதும் பெர்கன் பில்ஹார்மோனிக்தான். நார்வே அரசனைப் பற்றி ஆங்கிலேயர் எழுதியதை நார்வேக்காரர்களே வாசிக்கிறார்கள், கேட்க மனம் நிறைகிறது.

#13 பாய்க்கயிறு

சிகுர்டைக் கரையிலேயே விட்டுவிட்டோம். அவனுடைய பயணத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு, அதை யாராவது இசையாக எழுத வேண்டும் என்பது என் ஆசை.

ஜெருசலேம் போய், 1110-இல் சிடோன் நகர முற்றுகையில் ஜெருசலேம் அரசன் பால்ட்வினுக்குத் துணை நின்று, கான்ஸ்டாண்டினோபிளை நோக்கிக் கப்பல்களைத் திருப்புகிறான். ஓரிடத்தில் நங்கூரம் போட்டு அரை மாதம் காத்துக் கிடக்கிறான். காற்று இல்லாமல் இல்லை. ஒவ்வொரு நாளும் பின்னாலிருந்து நல்ல காற்று வீசுகிறது, கிளம்பினால் நேரே போய்ச் சேரலாம். அவன் கேட்பது பக்கக்காற்று. ஏனென்றால் அவனுடைய பாய்களின் இரண்டு பக்கமும் விலையுயர்ந்த பட்டு தைக்கப்பட்டிருந்தது. முன்கப்பலில் இருப்பவர்களும் சரி, பின்கப்பலில் இருப்பவர்களும் சரி, பாயின் அழகற்ற பக்கத்தைப் பார்க்கச் சம்மதிக்கவில்லையாம். பக்கக்காற்றில் பாயைக் கப்பலின் நீளவாக்கில் திருப்பிக் கட்டினால்தான் கரையோர மக்களுக்கு ஒவ்வொரு பாயும் முழுதாகத் தெரியும். ஒரு பாய்க்கும் அடுத்த பாய்க்கும் இடைவெளி தெரியாமல் பட்டுச் சுவர் ஒன்று நகர்ந்து வருவது போல அவர்கள் நகருக்குள் நுழைந்தார்கள் என்கிறார் ஸ்னோரி.

இதில் எத்தனை கடல் அறிவு இருக்கிறது பாருங்கள். காற்றை மதித்தவன், தன் பாயின் கோணத்தை அறிந்தவன், ஆண்டுக்கணக்கான பயணத்தின் கடைசித் துறைமுகத்துக்கு முன்னால் காத்திருக்கத் தெரிந்தவன். அந்தக் காத்திருப்புக்கு எந்த இசையமைப்பாளரும் இசை எழுதியதாக நான் கேட்டதில்லை.

கிரீக் இசையமைத்த நாடகத்தில் வரும் அரசவைக் காட்சிக்கும் ஸ்னோரியின் இதே நூல்தான் மூலம். சிகுர்டும் அவன் அண்ணன் ஓய்ஸ்டைனும் யார் பெரியவன் என்று வாதிடுகிறார்கள். சிகுர்ட் தான் போன தூரங்களைச் சொல்கிறான். ஓய்ஸ்டைன் நாட்டைவிட்டு வெளியே போகாதவன். அவன் சொல்லும் பதில்: அக்டெனெஸில் துறைமுகம் இல்லை, நான் கட்டினேன், வோகனில் ஏழை மீனவர்கள் பிழைக்க இடம் அமைத்தேன், கப்பல்கள் கரை தெரியாமல் அழிந்த இடங்களில் அடையாளங்கள் எழுப்பினேன். கடலோடுகிறவர்களின் பக்கம் நின்று பார்த்தால் வாதத்தில் வென்றவன் ஓய்ஸ்டைன்தான். சிகுர்டின் 60 கப்பல்கள் போய்விட்டன. துறைமுகத்தில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் யாரோ ஒருவன் உயிர் பிழைக்கிறான்.

#14 செல்லோநேசி

இதைப் படித்த பிறகு அரசவைப் பகுதியை உடனே மறுபடி கேட்டேன். கவோட்டிலிருந்து வந்த மெட்டு என்று வடகடல் குறைத்துச் சொன்னதில் இன்னும் எனக்கு உடன்பாடில்லை. இருவர் எதிரெதிரே நின்று சொல்லுக்குச் சொல் கொடுக்கும் காட்சிக்குக் கால் ஊன்றிய நடன நடை பொருந்தத்தான் செய்கிறது. ஒருவர் ஓரடி வைக்க, மற்றவர் ஓரடி வைக்கிறார்.

#15 கல்லெழுத்து

கிரீகும் எல்கரும் அரசர்களைப் பாடினார்கள். நான் இரண்டு படைப்புகளை இந்த இழையில் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, ஐஸ்லாந்தின் யோன் லெய்ஃப்ஸ் எழுதிய ‘சாகா சிம்பொனி’. ஜெர்மனியில் யூத மனைவியோடும் பிள்ளைகளோடும் அச்சத்தில் வாழ்ந்துகொண்டிருந்த 1941–42 காலத்தில் எழுதினார். ஐந்து பகுதிகளிலும் சாகாக்கள் என்னும் பழைய ஐஸ்லாந்து உரைநடைக் கதைகளின் மாந்தர்கள். பாராட்டுரை கிடையாது, இழைவான மெட்டு கிடையாது. கல்லும் கேடயமும் லூர் கொம்புகளும் மோதுகின்றன. வட ஐரோப்பியத் தொன்மங்களை வாக்னர் கையாண்ட விதம் அவருக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கோபம் ஒவ்வொரு அடியிலும் கேட்கிறது. 1950-இல் ஹெல்சிங்கியில் முதலில் வாசிக்கப்பட்டது. ஒஸ்மோ வான்ஸ்கா ஐஸ்லாந்து சிம்பொனியோடு செய்த பதிவு கிடைக்கிறது. ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும்: வெண்கல லூர் வெண்கலக் காலக் கருவி, வைக்கிங்குகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியது. வைக்கிங் காலத்தில் ஊதியது எது என்று கேட்டால், இங்கிலாந்தின் யார்க் நகரில் கிடைத்த 10-ஆம் நூற்றாண்டு மரக்குழல் துண்டு ஒன்று இருக்கிறது. ஒரே கட்டையில் துளைகள் குடைந்தது. இன்றும் ஊதினால் ஐந்து சுரங்கள் வருகின்றன. ஒரு கையில் அடங்கும்.

இரண்டாவதுதான் என் மனத்துக்கு நெருக்கமானது. பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ் 1973-இல் எழுதிய ‘ஸ்டோன் லிட்டனி’. மெஸோ சொப்ரானோவும் (பெண்ணின் நடுத்தரக் குரல்) ஆர்கெஸ்ட்ராவும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவில் மேஸ்ஹௌ என்ற கற்காலக் கல்லறை இருக்கிறது, ஏறக்குறைய 5,000 ஆண்டுப் பழமை. 12-ஆம் நூற்றாண்டில் வடநாட்டுக் கடலோடிகள் அதை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்து சுவர்களில் ரூன் என்னும் பழைய வடநாட்டு எழுத்துகளைச் செதுக்கினார்கள். முப்பது கல்வெட்டுகள் போல இன்றும் படிக்கலாம். ஒருவன் தன் பெயரை எழுதுகிறான். ஒருவன் ஒரு பெண்ணின் அழகைச் சொல்கிறான். ஒருவன் இங்கிருந்த புதையலை யாரோ கொண்டுபோய்விட்டார்கள் என்கிறான். மேற்குக் கடலிலேயே ரூன் எழுத்தில் வல்லவன் செதுக்கியது என்று பெருமை பேசுகிறான் ஒருவன். ஜெருசலேம் போகிறவர்கள் இந்தக் குன்றை உடைத்தார்கள் என்று ஒரு வரி.

அந்த ரூன் வரிகளைத்தான் டேவிஸ் பாட வைத்திருக்கிறார், அதே பழைய மொழியில். அவர் அந்தத் தீவுக்கூட்டத்திலேயே குடியேறி வாழ்ந்தவர். செல்லோநேசி சிகுர்டின் ஜெருசலேம் பயணத்தைச் சொன்னார். அடுத்த தலைமுறையில் அதே வழியில் கிளம்பிய ஆட்களின் சொந்த எழுத்து இது. புலவர்களும் அரசர்களும் இல்லை. குளிருக்கு ஒதுங்கியவர்கள், காற்றுக்காகக் காத்திருந்தவர்கள், கையில் கத்தியோ கோடரியோ வைத்திருந்தவர்கள். பாய்க்கயிறு கேட்ட காத்திருப்பு இசை எங்காவது இருக்கிறது என்றால் அது இங்கேதான் இருக்கிறது என்பேன்.

#16 ஃபியோர்டுவாசி

மேஸ்ஹௌ பற்றி ‘ஆர்க்னி சாகா’விலும் ஒரு வரி வருகிறது. பனிப்புயலில் ஹரால்ட் பிரபுவின் ஆட்கள் அந்தக் குன்றுக்குள் ஒதுங்கினார்கள், இருவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று. சுவர் எழுத்துகளை அதோடு சேர்த்துப் படித்தால் அந்த அறையின் இருட்டு புரியும்.

#17 வடகடல்

கல்லெழுத்து, ‘ஸ்டோன் லிட்டனி’யை நேற்று இரவு கேட்டேன். கடினமான இசை. முதல் முறையில் வழி பிடிபடவில்லை. பாடகியின் குரல் ஓர் உயிரெழுத்தைப் பிடித்துக்கொண்டு போகும் இடங்களில் சொல்லே மறைந்துவிடுகிறது. இரண்டாவது முறை, நீங்கள் எழுதிய வரிகளை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டேன். பெயர்கள் வரும் இடம் தெரிந்தது. யாரும் கேட்பார்கள் என்று எண்ணாமல் செதுக்கிய பெயரைப் பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒன்று தாங்கி நிற்பது பெரிய காரியம்.

ஆனாலும் ‘லான்ட்ஷென்னிங்’கை நான் கீழே இறக்க மாட்டேன். பாய்க்கயிறு சொன்ன வழிக்குறிப்பு அதற்கு வலுச் சேர்த்திருக்கிறது. மலையின் பாதிவரை கடல் மறைக்கும் தூரம், பிறகு முழு மலை, பிறகு அதன் வெண்முடி என்று அந்தப் பத்திகள் நகர்வதை இனி அப்படித்தான் கேட்பேன்.

#18 எதிர்க்கரை

‘ஓலாவ் திரிக்வசோன்’ காட்சிகள் மூன்றையும் கேட்டுவிட்டேன். பலிச்சடங்கில் தெய்வங்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கும் இடம் என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது. குழு முழுவதும் தன் தெய்வங்களுக்காகத் தொண்டை கிழியப் பாடுகிறது. வரப்போகிறவன் கடலில் எங்கோ வந்துகொண்டிருக்கிறான் என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். கிரீக் இவர்களைக் கேலி செய்யவில்லை, அச்சத்தைக்கூடக் கண்ணியமாக எழுதியிருக்கிறார்.

என் பரிந்துரை: முதலில் இந்தக் காட்சிகள், உடனே ‘லான்ட்ஷென்னிங்’. கரையில் நிற்பவர்களைக் கேட்ட பிறகு கப்பலில் வருகிறவனைக் கேளுங்கள். அந்த வரிசையில் கேட்டபோது, அரசன் மதிலைப் பார்த்து எழுப்பும் கேள்வி எனக்கு வேறாக ஒலித்தது. மதிலுக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள்.

#19 புதுச்செவி

அந்த வரிசையிலேயே தொடங்குகிறேன். ரூட் பதிவு கிடைத்துவிட்டது. ஃபியோர்டுவாசி, பாடல் வரிகளின் பொருளைப் பத்தி பத்தியாகத் தமிழில் எழுதித் தர முடியுமா?

#20 ஃபியோர்டுவாசி

எழுதுகிறேன். ஐந்தாறு நாள் கொடுங்கள். தனிக்குரல் வரும் பகுதியில் சொற்கள் பழையவை, இங்கே எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு இந்த இழையிலேயே இடுகிறேன்.